ஏழரை நொடியில் நடுவர் எதைப் பார்க்கிறார்: கோலாலம்பூரில் ஒரு மாதிரிப் போட்டி மாலை

கோலாலம்பூரிலும் அதைச் சுற்றியுள்ள வட்டாரங்களிலும் பால்ரூம் நடனம் கற்றுத்தரும் கூடங்களுக்குப் பஞ்சமில்லை. கடைவீட்டு மாடிகளில், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்து, வேலை முடிந்து வருகிறவர்களுக்காக இரவு பத்து மணி வரை விளக்கெரியும் இடங்கள் அவை. பெரும்பாலானவை அடிவைப்பைச் சொல்லித்தருகின்றன. சில, போட்டிக்கும் ஆள் தயாரிக்கின்றன. ஆனால் போட்டித் தளத்தின் ஓரத்தில் தாளும் பேனாவுமாக நிற்கும் நடுவர் எதைப் பார்த்து ஒரு ஜோடியை அடுத்த சுற்றுக்கு அனுப்புகிறார், எதைப் பார்த்து வீட்டுக்கு அனுப்புகிறார் என்பதைத் தனியாக எடுத்துச் சொல்லும் சேவையைக் காண்பது அரிது. பழைய கிள்ளான் சாலைப் பக்கமுள்ள கூடமொன்று அதைத்தான் ‘மாதிரிப் போட்டி மாலை’ என்று நடத்துகிறது. நானும் என் கணவரும் அதில் ஆடுவோராகக் கலந்துகொண்டோம். ஜோடிக்கு 180 வெள்ளி (ரிங்கிட்). ஆடாமல் பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கு 40 வெள்ளி. குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் கூடத்தின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

மாலையின் அமைப்பு எளிமையானது. பன்னிரண்டு ஜோடிகள், ஐந்து நடுவர்கள். ஆண்களின் முதுகில், உண்மைப் போட்டியில் குத்துவதைப் போலவே எண் அட்டை குத்தப்படுகிறது. ஸ்டாண்டர்டு பிரிவில் வால்ட்ஸும் டேங்கோவும், லத்தீன் பிரிவில் சா-சா-சாவும் ரும்பாவும் மட்டுமே ஆடவேண்டும். முழுப் போட்டியென்றால் ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து நடனங்கள் இருக்கும். வியன்னீஸ் வால்ட்ஸ், ஸ்லோ ஃபாக்ஸ்ட்ராட், குயிக்ஸ்டெப் ஆகியவை ஸ்டாண்டர்டிலும், சாம்பா, பாசோ டோப்ளே, ஜைவ் ஆகியவை லத்தீனிலும் சேரும். ஒரே மாலையில் அத்தனையையும் அடக்க முயலாமல் நான்கோடு நிறுத்திக்கொண்டது நல்ல முடிவு. முதல் சுற்றில் பன்னிரண்டு ஜோடிகளும் ஒன்றாகத் தளத்தில் இறங்குகிறார்கள். அவர்களில் ஆறு ஜோடிகளை நடுவர்கள் இறுதிச் சுற்றுக்கு அழைக்கிறார்கள். அதன் பிறகு மதிப்பெண் தாள்கள் அனைத்தும் வெள்ளைப் பலகையில் பகிரங்கமாக எழுதப்பட்டு விளக்கப்படுகின்றன.

இந்த மாலையின் உண்மையான மதிப்பு முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. பாட்டு ஒன்றரை நிமிடம் ஓடுகிறது. பன்னிரண்டு ஜோடிகளையும் ஒரு நடுவர் சமமாகப் பார்ப்பதென்றால் ஒரு ஜோடிக்குக் கிடைப்பது ஏழரை நொடி. வால்ட்ஸ் நிமிடத்துக்கு 28 முதல் 30 தாளவட்டங்கள் என்ற வேகத்தில் ஆடப்படுவதால், ஏழரை நொடி என்பது நான்கு வட்டங்கள்கூட முழுதாக இல்லை. மாதக்கணக்கில் பணம் கொடுத்துக் கற்ற கோர்வையில் நடுவர் கண்ணில் படுவது ஒரு திருப்பமும், அதைத் தொடரும் ஓர் அடியும்தான். அந்தத் துண்டு எது என்பதை ஆடுகிறவர் தேர்ந்தெடுக்க முடியாது. தலைமை நடுவர் இதை விளக்கவுரையாகச் சொல்லவில்லை. பார்வையாளராக வந்திருந்தவர்கள் கையில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, அடுத்த பாட்டு முடிவதற்குள் ஆறு எண்களை எழுதச் சொன்னார். பாட்டு முடிந்தபோது பாதிப் பேருக்கு மூன்று எண்களுக்கு மேல் எழுத முடியவில்லை. எழுதியவர்களும், முதலில் கண்ணில் பட்ட உடையையும் சிரிப்பையும் வைத்தே எழுதியிருந்தார்கள். நாற்பது வெள்ளிக்கு இதைவிட நேரடியான பாடம் வேறு இருக்க முடியாது.

ஏழரை நொடியில் எதைப் பார்க்க முடியும் என்ற கேள்விக்குத் தலைமை நடுவர் தந்த வரிசை தெளிவாக இருந்தது. முதலில் தாளம். தாளம் தவறுகிற ஜோடியின் மற்றச் சிறப்புகள் எதுவும் அந்த நடனத்தில் கணக்கில் வராது என்பதும், அப்படிப்பட்ட ஜோடியை அந்த நடனத்தில் கடைசியில் வைப்பதும் நடுவர்களிடம் நெடுங்காலமாக உள்ள வழக்கம். ரும்பாவில் இது அடிக்கடி நடக்கிறது. நான்கு எண்ணிக்கை கொண்ட அந்தத் தாளத்தில் முன்னடியும் பின்னடியும் இரண்டாம் எண்ணிக்கையில் விழ வேண்டும்; முதல் எண்ணிக்கையில் கால் நகராது, இடுப்பு மட்டும் முழுதாக அமரும். பாட்டின் அழுத்தம் முதல் எண்ணிக்கையில் இருப்பதால் பழகாத கால் அங்கேயே விழத் துடிக்கிறது. அன்றைய மாலையில் மிக அழகாக உடுத்தி, மிகத் தன்னம்பிக்கையோடு ஆடிய ஒரு ஜோடி பாட்டு முழுவதும் முதல் எண்ணிக்கையிலேயே அடிவைத்தது. ஐந்து நடுவர்களில் ஒருவர்கூட அவர்களை அழைக்கவில்லை. அவர்களுக்கு அது புரியவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு பலகைக்கு அருகில் அழைத்து, கைதட்டி, இரண்டாம் எண்ணிக்கையைக் காதுக்குக் காட்டிக் கொடுத்தார்கள்.

தாளத்துக்கு அடுத்தது நிற்கும் நிலை. தோள் எழும்பியிருக்கிறதா, தலை எங்கே இருக்கிறது, இருவருக்கும் நடுவில் உள்ள பிடிப்பு நடனம் முழுக்க ஒரே வடிவில் நிற்கிறதா என்பவை தூரத்திலிருந்தே தெரிபவை. ஸ்டாண்டர்டில் பெண்ணின் தலை இடப்பக்கம் நீண்டு, மேல்முதுகிலிருந்து விரிந்து நிற்க வேண்டும். கழுத்தை மட்டும் பின்னால் ஒடித்து அந்த வடிவத்தைப் போலி செய்கிற பெண்களை நடுவர் முதல் பார்வையிலேயே பிரித்துவிடுகிறார். அதன் பிறகுதான் பாதம். இந்த இடத்தில் ஒரு நடுவர் உண்மையாகவே தரையில் ஒற்றைக்கால் மண்டியிட்டு அமர்ந்து, ஒரு இளம்பெண்ணின் காலணியைப் பார்த்தபடி வால்ட்ஸின் முதல் அடியைத் திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னார். முன்னோக்கி வைக்கும் அந்த அடியில் குதிகால் முதலில் தரையைத் தொட்டு, பாதம் உருண்டு முன்பாதத்துக்கு வர வேண்டும். முதல் எண்ணிக்கையின் முடிவில் எழும்பத் தொடங்கி, இரண்டிலும் மூன்றிலும் தொடர்ந்து உயர்ந்து, மூன்றின் முடிவில் இறங்க வேண்டும். மூன்றாம் எண்ணிக்கையில் இரு பாதங்களும் இடைவெளியில்லாமல் சேர வேண்டும். அந்தப் பெண்ணின் பாதங்களுக்கு நடுவில் ஒவ்வொரு முறையும் இரு விரல் அகல இடைவெளி இருந்தது. நடுவர் தம் இரு விரல்களை அந்த இடைவெளியில் வைத்துக் காட்டியபோது கூடத்தில் சிரிப்பு எழுந்தது, பெண்ணும் சிரித்துவிட்டாள்.

அவள் சிறுவயதிலிருந்து பரதம் பயின்றவள். அதை நடுவர் கேட்காமலேயே கண்டுபிடித்தார். அரைமண்டியில் பழகிய பாதம் இயல்பாகவே வெளிப்பக்கம் திரும்பி நிற்கிறது. ஸ்டாண்டர்டு நடனங்களிலோ இரு பாதங்களும் ஒன்றுக்கொன்று இணையாக நேர்முகம் பார்க்க வேண்டும். தட்டடவில் தரையை அறைகிற பாதத்துக்கு, ஓசையில்லாமல் உருளப் பழகுவதும் எளிதன்று. பிரிக்பீல்ட்ஸில் உள்ள, 1981-இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கலைப்பள்ளி முதல் வீட்டு வரவேற்பறையில் நடக்கும் வகுப்புகள் வரை, இந்நகரத்துத் தமிழ்ப் பெண்களில் பலருக்குப் பரதமே முதல் நடனமாக இருப்பதால், இந்தக் குறிப்பு அவள் ஒருத்திக்கு மட்டும் உரியதன்று. இதற்கு மறுபக்கமும் உண்டு. மூன்றெண்ணிக்கை வால்ட்ஸைத் ‘தகிட’ என்று பிடித்துக்கொண்ட பெண் தாளத்தில் ஒருபோதும் நழுவவில்லை. நிகழ்ச்சியை ஒருங்கிணைத்த தமிழ்ப் பெண்மணிதான் அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். “ஒன் டூ த்ரீயை மறந்துடும்மா, தகிட தகிடன்னு மனசுக்குள்ள ஓட்டு” என்றார்.

டேங்கோவைப் பற்றிய விளக்கம் சுருக்கமாக இருந்தாலும் போதுமானதாக இருந்தது. டேங்கோவில் எழுச்சியும் இறக்கமும் கிடையாது. முழங்கால் இளகியே இருக்க வேண்டும். வால்ட்ஸ் ஆடிவிட்டு நேராக டேங்கோவுக்கு வருகிறவர்கள் வால்ட்ஸின் அலையையும் கூடவே கொண்டுவருவதால் தலைமட்டம் மேலும் கீழும் போகிறது. தலைகளின் வரிசையை மட்டும் பார்த்தே யார் டேங்கோ கற்றவர், யார் அடிகளை மட்டும் மனப்பாடம் செய்தவர் என்று சொல்லிவிடலாம் என்றார் நடுவர். அடுத்த பாட்டில் நானும் அப்படியே பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

இறுதிச் சுற்றுக்குப் பிறகு நடந்த பலகை விளக்கம் இந்த மாலையின் இன்னொரு பலம். பிரிட்டனில் 1937-இல் நடைமுறைக்கு வந்த ‘ஸ்கேட்டிங்’ என்ற தரவரிசை முறை இன்றும் உலகெங்கும் பெரும்பாலான போட்டிகளில் பயன்படுகிறது. அதில் இறுதிச் சுற்றில் நடுவர் யாருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று போடுவதில்லை. ஆறு ஜோடிகளையும் ஒன்று முதல் ஆறு வரை, சமநிலை இல்லாமல், வரிசைப்படுத்துகிறார். ஐந்து நடுவர்களில் மூவர் ஒருவரை முதலிடத்தில் வைத்துவிட்டால் அவர் முதல்வர். ஒருங்கிணைப்பாளர் பலகையில் இரு வரிசைகளை எழுதினார். ஒரு ஜோடிக்கு 1, 1, 1, 5, 6. இன்னொரு ஜோடிக்கு 2, 2, 2, 1, 1. முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உடனே கை தூக்கிவிட்டார்.

“அதெப்படிம்மா? கூட்டிப் பார்த்தா ரெண்டாவது ஜோடிக்கு எட்டு, முதல் ஜோடிக்குப் பதினாலு. எட்டு வாங்குனவங்க எப்படி ரெண்டாவது ஆவாங்க?”

“ஐயா, ஒரு நடனத்துக்குள்ள முதல்ல தலைக்கணக்குதான். அஞ்சு பேர்ல மூணு பேரு இவங்கதான் முதல்னு சொல்லிட்டா அத்தோட முடிஞ்சது. கூட்டல் பிறகுதான்.”

ஆசிரியர் அப்போதும் முழுதாக ஒப்பவில்லை. ஆனால் காரணத்தைக் கேட்டபோது அமைதியானார். சராசரி எடுக்கும் முறையில், ஒரே ஒரு நடுவர், விருப்பு வெறுப்பாலோ கவனக்குறைவாலோ, ஒரு ஜோடியை ஆறாமிடத்துக்குத் தள்ளினால் அந்த ஒற்றை எண் முடிவையே மாற்றிவிடும். பெரும்பான்மை முறையில் அந்த நடுவரின் குரல் ஒரு குரலாக மட்டுமே நிற்கும். நடுவர் குழுவின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக அமைக்கப்படுவதும் அதனால்தான். இரு ஜோடிகளுக்கு ஒரே இடத்துக்குப் பெரும்பான்மை கிடைத்தால் யாருக்குப் பெரிய பெரும்பான்மையோ அவர் முன்னால் போகிறார். அதுவும் சமமென்றால்தான் அந்தப் பெரும்பான்மை எண்களைக் கூட்டிப் பார்ப்பது. பல நடனங்கள் உள்ள பிரிவில் ஒவ்வொரு நடனத்திலும் பெற்ற இடங்களைக் கூட்டி, குறைந்த தொகை உள்ளவரை வெற்றியாளராக அறிவிக்கிறார்கள். இதற்கு அப்பாலுள்ள பத்தாம், பதினோராம் விதிகள் அங்கேயும் சமநிலை வந்தால் அதை அவிழ்ப்பதற்கானவை. ஒருங்கிணைப்பாளர் அவற்றைத் தொட்டுவிட்டு நகர்ந்தார், அது போதும்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். மூன்றாமிடம் வாங்கியவருக்கு ஏன் மூன்றாமிடம் என்று தாள் ஒருபோதும் சொல்லாது. அதனால்தான் இந்தக் கூடம், உலக நடன விளையாட்டுக் கூட்டமைப்பு தன் பெரிய போட்டிகளில் கொண்டுவந்த நான்கு கூறு மதிப்பீட்டையும் ஒரு குறிப்புத் தாளாகச் சேர்த்துத் தருகிறது. நுட்பத் தரம், இசையோடு இயையும் அசைவு, ஜோடி ஒருங்கிணைவு, நடன அமைப்பும் வெளிப்பாடும் என்ற நான்குக்கும் தனித்தனியாகப் பத்துக்கு மதிப்பெண். முடிவை அறிவிக்க ஸ்கேட்டிங், கற்றுக்கொள்ள நான்கு கூறு என்று இரண்டையும் பிரித்து வைத்திருப்பது, நான் அறிந்தவரை, வகுப்புகளில் யாரும் செய்யாத வேலை. எங்கள் தாளில் ஜோடி ஒருங்கிணைவுக்குக் கீழே, மூலையில் திரும்பும்போது ஆண் தோளால் திருப்புகிறார், உடலின் நடுப்பகுதியால் திருப்ப வேண்டும் என்று ஒரே வரி எழுதியிருந்தது. என் கணவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். வீட்டில் நான் நெடுநாளாகச் சொல்லிவருவது அது. இப்போது எழுத்தில் கிடைத்துவிட்டது.

இனி, எங்கே இந்த மாலை சறுக்கியது என்று சொல்ல வேண்டும். லத்தீன் பிரிவில், குறிப்பாக வெளிப்பாட்டைப் பற்றிய பகுதியில், தாள்கள் மிகவும் ஏமாற்றமளித்தன. “இன்னும் உணர்ச்சி தேவை”, “பார்வையாளரோடு தொடர்பு குறைவு” என்பவை போன்ற குறிப்புகள் ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் இருந்தன. இவற்றை வைத்துக்கொண்டு அடுத்த நாள் பயிற்சியில் ஒருவர் எதைச் செய்வார்? சிரிப்பைப் பெரிதாக்குவார், புருவத்தை உயர்த்துவார். அந்தச் சிரிப்பைத்தான் நல்ல நடுவர்கள் தள்ளுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. வெளிப்பாடு என்பது நுட்பத்தின் மேல் பூசப்படும் தனிப்பூச்சு என்ற எண்ணத்தை அந்தக் குறிப்புகள் வளர்க்கின்றன. ஏழரை நொடியில் பார்க்கிற கண்ணுக்கு அப்படியொரு பிரிவே இருக்க முடியாது என்பது என் கருத்து. இடுப்பு சரியான நேரத்தில் அமர்ந்தால்தான் ரும்பா மெதுவாகத் தெரியும், மெதுவாகத் தெரிந்தால்தான் அதில் நெருக்கம் இருப்பதாகத் தோன்றும்.

இதைச் சரியாகச் சொன்னவர் ஐவரில் ஒரே ஒரு பெண் நடுவர். அவர் எங்களுக்கு முன்னால் நின்று, ரும்பாவில் கை நீட்டுவதை இருவிதமாகச் செய்து காட்டினார். முதலில் கையைத் தனியாக வீசினார், அழகாகத்தான் இருந்தது. பிறகு எடை காலுக்கு மாறி, இடுப்பு அமர்ந்து, முதுகுத் தசை விரிந்து, தோள் இறங்கி, அதன் பிறகு முழங்கை, கடைசியாக விரல்நுனி என்று ஒவ்வொன்றாக விட்டார். விரல்நுனி முடியும் கணமும் அடுத்த அடி தொடங்கும் கணமும் ஒன்றாக இருந்தன. முதல் கையை அதன் பிறகு யாராலும் மறுபடி அழகு என்று சொல்ல முடியவில்லை. இந்த விளக்கத்துக்குக் கிடைத்த நேரம் இரண்டு மூன்று நிமிடம்; அதற்குள் அடுத்த பிரிவுக்கு அழைத்துவிட்டார்கள். இந்த அம்மையாருக்கு அரைமணி நேரத்தை ஒதுக்கிவிட்டு, தொடக்கத்தில் நீண்ட வரவேற்புரையைக் குறைத்திருக்கலாம்.

இன்னொரு குறை இதைவிடத் தீவிரமானது. ஐந்து நடுவர்களில் இருவர் அதே கூடத்தின் ஆசிரியர்கள். அவர்களுடைய மாணவ ஜோடிகளும் அன்று ஆடினார்கள். சர்வதேச விதிகள் நெருங்கிய உறவினர் போட்டியிடும் இடத்தில் நடுவராக இருப்பதைத் தடுக்கின்றன. ஆசிரியர்–மாணவர் உறவு இந்தத் துறையில் எல்லா இடத்திலும் சிக்கலாகவே இருக்கிறது, ஏனெனில் நடுவர் தகுதி பெற்றவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களே. மாதிரிப் போட்டிதானே என்று விட்டுவிடலாம். ஆனால் நியாயத்தைக் கற்றுத்தரும் மாலையில் நியாயம் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். பலகையில் எழுதப்பட்ட வரிசைகளைப் பார்த்தபோது, தம் மாணவர்களுக்கு அந்த இருவரும் மற்ற மூவரைவிட ஓரிடம் முன்னால் கொடுத்திருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. பெரும்பான்மை முறை அதை விழுங்கிவிட்டது என்பது ஸ்கேட்டிங் முறைக்குப் பெருமை, கூடத்துக்குப் பெருமையன்று. கேட்டபோது, அடுத்த முறை வெளியிலிருந்து நடுவர்களை அழைப்பதாக ஒருங்கிணைப்பாளர் சொன்னார்.

இடவசதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மரத்தளம் நன்றாக இருக்கிறது, வழுக்கவில்லை. காலணியின் அடித்தோலைத் தேய்க்கும் கம்பித் தூரிகை வாசலிலேயே கட்டித் தொங்குகிறது. பன்னிரண்டு ஜோடிகளுக்கு இடம் கொஞ்சம் நெருக்கம்தான். ஆனால் அந்த நெருக்கமும் ஒருவகையில் பாடமாகிறது. கடிகாரச் சுழற்சிக்கு எதிர்த்திசையில் நகரும் கூட்டத்தில் யாரையும் இடிக்காமல் வழி கண்டுபிடிப்பதையும் நடுவர் பார்க்கிறார். இரண்டாம் மாடிக்கு மின்தூக்கி இல்லை. கீழே கார் நிறுத்துவது சனிக்கிழமை மாலையில் பெரும்பாடு. உணவாக மீகூனும் சைவ கறிபாப்பும் தந்தார்கள். இறுக்கமான உடையோடு சாப்பிட யாருக்கும் மனம் வரவில்லை.

இது யாருக்குப் பயன்படும் என்றால், அடிப்படைக் கோர்வைகளை ஓரளவு தெரிந்துகொண்டு, முதல் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு. புதிதாகச் சேர்ந்தவர்கள் 180 வெள்ளியைத் தனி வகுப்புக்கே செலவிடலாம். அவர்கள் விரும்பினால் நாற்பது வெள்ளியில் பார்வையாளராக வந்து, அந்த ஆறு எண்களை எழுதும் வேலையைச் செய்து பார்த்துவிட்டுப் போகலாம். பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பும் பெற்றோருக்கும் அதே நாற்பது வெள்ளி இருக்கையைத்தான் பரிந்துரைப்பேன். பங்கேற்க விரும்புகிறவர்கள் வாட்ஸ்அப்பில் முன்பதிவு செய்யும்போதே இரண்டைக் கேட்டுக்கொள்வது நல்லது: நடுவர்களில் எத்தனை பேர் வெளியிலிருந்து வருகிறார்கள், ரும்பாவுக்குக் கை காட்டிய அந்தப் பெண் நடுவர் அன்று இருப்பாரா. குறிப்புத் தாளை அன்றே வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். பிறகு அனுப்புகிறோம் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது பத்து நாளுக்கு மேல் கழித்துத்தான் வந்தது.